கடலுக்கொரு வாரியம்

1690 ஆம் ஆண்டு. கடலூரை அடுத்து, கெடிலம் கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, தேவனாம்பட்டினத்துக் கோட்டை. செஞ்சியிலிருந்த மராட்டிய அரசன் இராசாராமிடம் விலைபேசி அக்கோட்டையை வாங்கிற்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி. கோட்டைக்குப் பணம் கொடுத்தாயிற்று. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் என்பது கேள்வி. நிலம் அளக்கச் சங்கிலி வரவில்லை, கணக்கனை அழைக்கவில்லை, அந்த மண்ணிலே ஏர் பூட்டிய உழவனையோ, அந்த மணலிலே வலை உலர்த்திய மீனவனையோ ஒரு சொல் கேட்கவில்லை. பீரங்கியை இழுத்து வந்தான் வெள்ளையன். திசைதோறும் சுட்டான். குண்டு போய் விழுந்த தொலைவு வரையிலுள்ள ஊர்களெல்லாம் கும்பினிக்கு உடைமை! இவ்வாறு கைமாறிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரும் ஏற்பட்டது.

உழுதவனுக்கு உரிமை இல்லை. சுட்டவனுக்கு உரிமை உண்டு. அன்று சென்னையில் ஆளுநராக வீற்றிருந்த எலிகு யேலின் பெயரை அமெரிக்காவிலே ஒரு பல்கலைக்கழகம் இன்றும் தாங்கி நிற்கிறது. குண்டு விழுந்த ஊர்களில் வாழ்ந்த மக்களின் பெயரைத் தாங்கி நிற்பது எது? ஒன்றுமில்லை.

பழைய புண்ணைக் கீறிப் பார்ப்பதற்காக இதனை நாம் நினைவூட்டவில்லை. அந்தப் பீரங்கியின் வாய் ஊர்ப்பக்கம் மட்டும் திரும்பவில்லை; கடற்பக்கமும் திரும்பிற்று. அந்தக் கதையைச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம்.

குண்டின் நீளமே உரிமையின் நீளம்!

ஐரோப்பாவிலே அந்த நூற்றாண்டில் கடலைப் பற்றிப் பெரியதொரு வழக்கு நடந்தது. கடல் எவருக்கும் உரியதன்று என்று 1609 இல் எழுதினார் ஆலந்து நாட்டு அறிஞர் குரோசியசு. பரந்த உள்ளம் என்று பாராட்டத் தோன்றும். ஆனால் ஆலந்து வணிகரின் கப்பல்கள் கீழ்த்திசைக் கடல்களில் தடையின்றிப் புகவேண்டும் என்பதே அந்த எழுத்தின் உடனடி நோக்கம். ஒரு நூற்றாண்டு கழிந்தது. அதே நாட்டைச் சேர்ந்த சட்ட அறிஞர் பின்கர்சோக் வேறொன்று கூறினார்: கரையில் நிற்கும் படைக்கலத்தின் ஆற்றல் எங்கே முடிகிறதோ, அங்கே அந்நாட்டின் கடலாட்சியும் முடிகிறது. தேவனாம்பட்டினத்து நிலத்தை அளந்த அதே அளவுகோல்! அதுவே நாளடைவில் மூன்று கடல்மைல் என்ற கணக்காக நிலைத்தது.

காலம் மாறிற்று, கணக்கும் மாறிற்று. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 12 கடல்மைல் வரை நாட்டின் கடல் என்றும், 200 கடல்மைல் வரை மீன், கனிமம் முதலிய வளங்களின்மீது அந்நாட்டிற்கே உரிமை என்றும் வகுத்தது. 1994 இல் அது நடைமுறைக்கு வந்தது. பீரங்கியின் இடத்தில் நீதிமன்றம் வந்தமர்ந்தது. வங்கக்கடலில் வங்காளதேசத்திற்கும் மியான்மருக்கும் இடையே இருந்த எல்லை வழக்கு 2012 இலும், வங்காளதேசத்திற்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்த எல்லை வழக்கு 2014 இலும் பன்னாட்டு நடுவர் மன்றங்களில் தீர்ந்தன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. அறிவு வென்றது என்று மகிழ்கிறோம்.

ஆனால், தோழர்களே, எல்லை தீர்ந்தது, கடல் தீர்ந்ததா?

கடலூர்க் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. மாசி தொடங்கிச் சித்திரை வரை தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் திரும்பி, வடக்கிலிருந்து தெற்கே, இலங்கையின் திசையில் இறங்குகிறது. வடக்கே ஆந்திரத்தையும் ஒரிசாவையும் தழுவிய நீரே தெற்கே நம்மையும் தழுவுகிறது. அந்த நீருக்கு 12 கடல்மைல் தெரியுமா? முட்டையிட வரும் ஆமை கடவுச்சீட்டுக் காட்டுமா? நாம் ஆற்றில் விட்ட நஞ்சு, அயல்நாட்டு எல்லை வந்ததும் நின்று திரும்புமா?

கடல் எவருடையதும் அன்று என்றால், எவரும் கெடுக்கலாம், கேட்பாரில்லை. கடல் என்னுடையது என்றால், என் எல்லைக்கு அப்பால் நடப்பது எனக்கென்ன என்று இருந்துவிடலாம். குரோசியசின் கொள்கையும் பின்கர்சோக்கின் கொள்கையும் கடலைக் காக்கா. மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும். அச்சொல் தமிழில் உண்டு. 'எம்' என்பது வேறு, 'நம்' என்பது வேறு. எதிரே நிற்பவனையும் சேர்த்துக்கொள்ளும் சொல் 'நம்'. 'நம் கடல்' என்று வங்கக்கடலைச் சூழ்ந்த நாடுகள் அனைத்தும் கூடிச் சொல்லும் நாள் வந்ததா? வந்த அளவு எவ்வளவு, வராத அளவு எவ்வளவு என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

ஏரி என்றோம், வாரியம் எங்கே?

வங்கக்கடலைச் 'சோழர் ஏரி' என்று பெருமையோடு பேசுகிறோம். 1025 ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் சென்று வென்றது என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கலாம்; தவறில்லை. சாத்திரம் கடல் கடப்பதைக் குற்றமென்று எழுதி வைத்திருந்த நாட்டிலே, கலம் கட்டிக் கடல் கடந்தவன் தமிழன். ஆனால் ஒரு கேள்வி. ஏரி என்று சொல்லிவிட்டால் போதுமா? ஏரிக்கு மடை வேண்டாமா? கரை காப்போர் வேண்டாமா? தூர் எடுப்போர் வேண்டாமா?

ஏரி என்றால் என்ன என்பது சிதம்பரம் வட்டாரத்து மக்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டில் சோழர் எடுத்த வீரநாராயண ஏரி, இன்று வீராணம் என வழங்கும் அந்தப் பெருநீர்ப்பரப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களுக்கு இன்றும் நீர் தருகிறது. தொலைவிலுள்ள சென்னைக்கும் குடிநீர் அனுப்புகிறது. அரசன் வெட்டினான் என்பது மட்டுமே அதன் கதையன்று. ஆயிரம் ஆண்டுகளாகக் கரையை உயர்த்தியவரும், உடைப்பை அடைத்தவரும், சேறு சுமந்தவரும் பேரில்லாத குடிமக்கள். குடிமராமத்து என்ற சொல்லே அவ்வுழைப்பின் நினைவுச் சின்னம்.

அதே முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றோர் அமைப்பைக் குறிக்கின்றன. குடவோலையிட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம். அதற்குக் காலவரையறை உண்டு. கணக்குக் காட்டாதவன் மறுமுறை வர இயலாது. ஒரு நீர்நிலையைப் பலர் பயன்படுத்தும்போது ஒழுங்கு எப்படி அமையவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் எது?

அந்தப் பாடத்தின் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் வேண்டும். மறை கற்றிருக்க வேண்டும். சேறு சுமந்தவனின் பெயர் அந்த ஓலையில் ஏறவில்லை. வாரியம் கண்ட பெருமையும் நம் வரலாறே. வாரியத்திற்கு வெளியே உழைத்தவனை நிறுத்திய சிறுமையும் நம் வரலாறே. கடலுக்கு வாரியம் கேட்கும்போது இரண்டையும் நினைவில் வைப்போம்.

சாவு கற்பித்த பாடம்

வங்கக்கடல் நாடுகளை முதன்முதல் உருப்படியாக ஒன்றுசேர்த்தது அறமன்று, அன்பன்று, சாவு. 1970 நவம்பர் 12 ஆம் நாள் இரவு, அன்றைய கிழக்குப் பாகிசுதானின் கரையை ஒரு புயல் தாக்கிற்று. மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார். புயல் வருவது வானிலை அறிஞருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த செய்தி கரையிலிருந்த குடிசைக்குப் போய்ச் சேரவில்லை. அதன் பின்னரே, உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகளின் ஆசியப் பொருளாதார ஆணையமும் கூடி, 1972 இல் வெப்பமண்டலப் புயல்களுக்கான குழுவொன்றை அமைத்தன. இந்தியா, வங்காளதேசம், இலங்கை, மியான்மர், தாய்லாந்து, பாகிசுதான், மாலத்தீவு என்று நாடுகள் ஒவ்வொன்றாய் அதில் இணைந்தன.

பயன் என்ன? கணக்கைப் பாருங்கள். வங்காளதேசத்தில் 1991 ஆம் ஆண்டுப் புயலில் மாண்டோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். 2007 இல் அதைப்போன்றே கடுமையான 'சிதர்' புயலில் மாண்டோர் ஏறத்தாழ மூன்றாயிரத்து நானூறு. ஓர் உயிரும் பேருயிர்தான். மூவாயிரம் என்பது சிறுதொகை அன்று. ஆயினும் இலட்சம் ஆயிரமாகச் சுருங்கியது எதனால்? எந்தப் பூசையாலும் அன்று. முன்னறிவிப்பால், புயற்காப்பு இல்லங்களால், ஊர் ஊராய் ஓடிச் செய்தி சொன்ன தொண்டர்களால்.

இதில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 2004 முதல் வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு உறுப்பு நாடுகள் முறைவைத்துப் பெயர் சூட்டுகின்றன. 2011 டிசம்பர் 30 ஆம் நாள் விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த 'தானே' புயலை நாம் மறக்க இயலாது. அந்தப் பெயர் தமிழ்ச்சொல் என்று எண்ணியவர் பலர். அது மியான்மர் தந்த பெயர். 2012 இல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த 'நீலம்' பாகிசுதான் தந்தது. 2018 இல் வேதாரணியத்தைச் சிதைத்த 'கஜா' இலங்கை தந்தது. எல்லையில் துப்பாக்கி நீட்டி நிற்கும் அரசுகளும் கடலில் எழும் புயலுக்கு ஒரே பட்டியலிலிருந்து பெயர் எடுக்கின்றன. கூட முடியாது என்போருக்கு இஃதொரு விடை.

அடுத்த பாடம் இன்னும் கொடியது. 2004 டிசம்பர் 26. காலை ஆறரை மணியளவில் சுமத்திராவை அடுத்த கடலடி நிலம் பிளந்தது. நம் கரையை அலை அடைந்தது இரண்டு மணி நேரத்திற்குப் பின்னர். அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்தில் குழந்தைகள் மணலில் ஆடிக்கொண்டிருந்தன. கிள்ளையில் பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தனர். சாமியார்பேட்டையில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளிலே மாண்டோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

கடவுளின் சினம் என்றனர் சிலர். விதி என்றனர் பலர். நாம் கேட்கிறோம்: பசிபிக் பெருங்கடலிலே 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்ததே, 1965 முதல் பல நாடுகள் கூடி அதனை நடத்தி வந்தனவே, இந்தியப் பெருங்கடலில் ஏன் இல்லை? நிலத்தட்டு நகர்வதை மனிதன் தடுக்க முடியாது. ஆனால் இரண்டு மணி நேரம் கையில் இருந்தும் செய்தி வராததற்கு நிலத்தட்டைக் குறைகூற முடியாது. அறிவு இருந்தது, கருவி இருந்தது, கூடி நிற்கும் மனம் மட்டும் இல்லை. விதி என்று எதைச் சொன்னார்களோ அதன் மெய்ப்பெயர் கூடாமை!

மாண்டவர்களின்மீது எழுந்ததுதான் இன்றைய அமைப்பு. 2005 இல் யுனெசுகோவின் கடலியல் ஆணையத்தின்கீழ் நாடுகள் கூடின. 2007 இல் ஐதராபாத்தில் இந்திய எச்சரிக்கை மையம் எழுந்தது. 2011 முதல் இந்தியா, ஆசுதிரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் பெருங்கடல் முழுமைக்கும் செய்தி தரும் பொறுப்பை ஏற்றன. 2012 ஏப்ரல் 11 இல் சுமத்திராவில் மீண்டும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, சில நிமிடங்களில் செய்தி கரைதோறும் பறந்தது.

ஆக, கூட முடியும். இரண்டு முறை கூடினோம். இரண்டு முறையும் பிணக்குவியலைக் கண்ட பின்னரே கூடினோம்.

மெல்லக் கொல்லும் நஞ்சு

புயலும் ஆழிப்பேரலையும் ஒரே நாளில் கொல்லும். ஒரே நாளில் கொல்லாத கேடு ஒன்று உண்டு. அது நாளுக்கு நாள், துளித்துளியாய், கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும். அதைக் கண்டு அஞ்ச நம் அரசுகள் இன்னும் கற்கவில்லை.

கடலூரில் உப்பனாற்றை ஒட்டி 1980களில் எழுந்தது சிப்காட் தொழிற்பேட்டை. வேலை வந்தது, மறுக்கவில்லை. கூடவே கழிவும் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்குக் கிடைத்தது 77.45 புள்ளி. 70 ஐத் தாண்டினாலே கடும் மாசுற்ற பகுதி என்பது கணக்கு. உப்பனாறு எங்கே போகிறது? கடலுக்குப் போகிறது. கடல் எங்கே போகிறது? ஐப்பசியில் தெற்கே, மாசியில் வடக்கே! அயலான் கழிவைப் பற்றி முறையிடும் வாய்க்குத் தன் கழிவைப் பற்றிப் பேசும் நேர்மையும் வேண்டும்.

2021 மே மாதம் கொழும்புக் கடலில் 'எக்ஸ்-பிரசு பேர்ல்' என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி, சூன் மாதத்தில் மூழ்கிற்று. அதிலிருந்த அமிலக் கலம் ஒன்று வழியிலேயே கசியத் தொடங்கியிருந்தது. அதனை இறக்க இசைவு கேட்டபோது கத்தாரிலே ஒரு துறைமுகமும், இந்திய மேற்குக் கரையிலே ஒரு துறைமுகமும் இசையவில்லை. கப்பல் நகர்ந்தது, கேடும் உடன் நகர்ந்தது. முடிவில் ஏறத்தாழ 1,680 டன் பிளாசுடிக் மணிகள் இலங்கைக் கரையில் கொட்டின. தீயை அணைக்க இந்தியக் கடலோரக் காவற்படை விரைந்து சென்றது, அதைப் பாராட்டுகிறோம். ஆனால் எரிந்த பின் ஓடும் உதவி வேறு. எரியுமுன் எங்கே நிறுத்துவது என்ற ஒழுங்கு வேறு. முன்னதற்கு மனிதநேயம் போதும். பின்னதற்கு உடன்பாடு வேண்டும்.

மீன்வளத்தை எடுத்துக்கொள்வோம். நம் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக வகுத்த தடை. வங்காளதேசம் 2019 முதல் தன் மீனவர் எல்லோர்க்கும் மே 20 முதல் சூலை 23 வரை 65 நாள் தடை விதித்தது. ஒரே கடல், இரண்டு நாட்காட்டி! இங்கே தடை முடிந்து படகு இறங்கும்போது அங்கே தடை. நாங்கள் பட்டினி கிடக்க, அயல்நாட்டுப் படகு எங்கள் மீனை அள்ளுகிறது என்று அந்நாட்டு மீனவர் ஆண்டாண்டாய்க் குமுறினர். 2025 இல் வங்காளதேசம் தன் தடையை ஏப்ரல் 15 முதல் சூன் 11 வரை, 58 நாள் என்று மாற்றி, இந்தியத் தடையோடு பொருத்திற்று. ஒரு நாட்காட்டியைத் திருத்த ஆறு ஆண்டு! ஆயினும் திருத்தினார்களே, அது பெரிது. குமுறியவன் மீனவன்; அவன் குரல் கேட்டபோதே கடலுக்கு நன்மை விளைந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

நமக்குத் தெற்கே பாக்கு நீரிணையில் நடப்பது அறியாததன்று. கடலடியைச் சீவிச் செல்லும் இழுவலையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடுத்தது. இந்தக் கரைப் படகுகள் அந்தக் கரைக்கருகே இழுப்பதும், அங்கே பிடிபடுவதும், அடிபடுவதும் ஓயவில்லை. சுடுவதும் சிறைப்பிடிப்பதும் தீர்வாகா. தமிழ் மீனவன் வலையைத் தமிழ் மீனவன் வலை அறுப்பதும் நீதியாகாது. 2004 இலும் 2010 இலும் இரு கரை மீனவரும் நேரில் அமர்ந்து பேசினர். அரசுகள் பேசத் தயங்கியபோது வலைபிடித்த கைகள் பேசின. அவர்கள் கண்ட இணக்கத்தைக் காத்து வளர்க்க ஒரு வாரியம் இல்லாததால் அது கரைந்தது.

பந்தல் பல, கூரை இல்லை

அமைப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, பல உண்டு. 1979 இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கிற்று. சிறு மீனவரின் வாழ்வை உயர்த்துவதே அதன் முதல் நோக்கம். 2003 இல் அது இந்தியா, வங்காளதேசம், இலங்கை, மாலத்தீவு ஆகிய நான்கு அரசுகளின் அமைப்பாயிற்று. 1982 இல் கொழும்பில் தென்னாசியச் சூழல் கூட்டுறவு அமைப்பு எழுந்தது. அதன்வழி 1995 இல் இந்தியா, வங்காளதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிசுதான் ஆகிய ஐந்து நாடுகள் புதுதில்லியில் தென்னாசியக் கடல்களுக்கான செயல்திட்டத்தை ஏற்றன. எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளும் திட்டம், கடற்கரை மேலாண்மை, நிலத்திலிருந்து வரும் மாசு என்று தலைப்புகள் எல்லாம் சரியானவை. 2009 முதல் 2015 வரை எட்டு நாடுகள் கூடி வங்காள விரிகுடாப் பெருஞ்சூழல் திட்டத்தை நடத்தின. மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகியனவும் அதில் இருந்தன.

குறை எங்கே? நான்கு நாட்டு அமைப்பில் கீழ்க்கரை நாடுகள் இல்லை. ஐந்து நாட்டுத் திட்டத்திலும் அவை இல்லை. எட்டு நாடுகள் கூடியது ஒரு திட்டத்திற்காக. திட்டத்திற்குக் காலக்கெடு உண்டு, கடலுக்கு இல்லை. தென்னாசியக் கடல்களுக்குச் செயல்திட்டம் உண்டு. நாடுகளைக் கட்டும் உடன்படிக்கை இல்லை. எண்ணெய்க் கசிவுக்கான கூட்டு உடன்பாட்டிற்கு இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2018 இல், செயல்திட்டம் ஏற்ற 23 ஆண்டுகளுக்குப் பின்! பந்தல் பல போட்டோம், கூரை வேயவில்லை.

பகை இருக்கிறதே, எப்படிக் கூடுவது என்பர் சிலர். பால்டிக் கடலைப் பாருங்கள். 1974 இல் எல்சிங்கி நகரில் ஏழு நாடுகள் அக்கடலைக் காக்க உடன்படிக்கை செய்தன. யார் அந்த எழுவர்? சோவியத்து ஒன்றியம், போலந்து, கிழக்கு செருமனி ஒருபுறம்; மேற்கு செருமனி, டென்மார்க்கு மறுபுறம்; நடுவே சுவீடன், பின்லாந்து. அணுகுண்டை ஒருவர்மீது ஒருவர் குறிவைத்திருந்த காலம் அது! 1980 இல் அது நடைமுறைக்கு வந்தது. நச்சுப் பொருள்கள் தடுக்கப்பட்ட பின், அழிவின் விளிம்பிலிருந்த வெண்வால் கழுகு அக்கரைகளுக்கு மீண்டது. உரக்கழிவு நோய் அங்கே இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லுவோம். ஆயினும் மருந்து உண்ணத் தொடங்கிய நோயாளி வேறு, மருத்துவனிடமே போகாத நோயாளி வேறு.

நடுநிலக் கடலைப் பாருங்கள். 1975 இல் 16 நாடுகள் செயல்திட்டம் கண்டன. 1976 இல் பார்சிலோனாவில் உடன்படிக்கை செய்தன. 1973 இல் போர்க்களத்தில் நின்ற இசுரேலும் அரபு நாடுகளும் அங்கே ஒரே கூடத்தில் அமர்ந்தன. கிரேக்கமும் துருக்கியும் அமர்ந்தன. செயல்திட்டத்தை அடுத்த ஆண்டே உடன்படிக்கையாக்கினர். நமது செயல்திட்டம் 1995 ஆம் ஆண்டினது. உடன்படிக்கை எப்போது?

தில்லை என்பது மரம்

இவ்வளவு பெரிய செய்தியில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் என்ன வேலை என்று கேட்பவர்க்கு விடை சொல்லி முடிக்கிறோம்.

தில்லை என்றதும் கோயிலை நினைப்போர் ஆயிரவர். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்று நினைப்போர் எத்தனை பேர்? உப்பு நீரும் ஆற்று நீரும் கலக்கும் சேற்றில் வளரும் அலையாத்தி மரம் அது. அம்மரம் அடர்ந்த காடு இருந்ததாலேயே ஊருக்குத் தில்லை என்று பெயர். ஊரைச் சுற்றிலும் காடு மறைந்தது, பெயர் நின்றது. மரத்தைக் காணவேண்டுமானால் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரத்துக்குப் போகவேண்டும்.

அந்தக் காடும் ஆங்கிலேயர் காலம் முதல் கூறு கூறாக வெட்டப்பட்டுத் தேய்ந்தது. வெட்டிய இடத்தில் நிலம் குழிந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, கன்று முளைக்காமல் போயிற்று. 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் போல வாய்க்கால் வெட்டி, அலைநீர் வந்து போக வழி செய்தனர். கன்று பிடித்தது, காடு திரும்பிற்று. அதுவும் ஒரு குடிமராமத்தே!

ஆழிப்பேரலைக்குப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் பரங்கிப்பேட்டையை அடுத்த 18 மீனவர் குடியிருப்புகளை ஆய்ந்து, காட்டின் மறைவிலிருந்த ஊர்களில் இழப்புக் குறைவு என்று 2005 இல் எழுதினர். அதே ஆண்டு பன்னாட்டு ஆய்வாளர் குழுவொன்றும் கடலூர்க் கரையை ஆய்ந்து அதுபோன்ற முடிவையே வெளியிட்டது. காட்டைவிட ஊரின் மேடும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே காத்தன என்று மறுத்தோரும் உண்டு. மறுப்பு வரட்டும்; அதுதான் அறிவின் வழி. காடு அலையைத் தடுத்த அளவு எவ்வளவு என்பதிலேதான் வாதம். இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் தொட்டில் அக்காடு என்பதில் வாதமில்லை.

1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய கடல் உயிரியல் நிலையம், 1963 இல் உயராய்வு மையமாயிற்று. 2000களில் அலையாத்திக் காடுகளைப் பற்றிக் கற்க அயல்நாட்டு ஆய்வாளர் அங்கே வந்தனர். போர்த்துகேசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கொள்ளை வாணிகம் தேடி வந்து இறங்கிய அதே வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்டை நாட்டினர் அறிவு தேடி வந்து இறங்கினர். 'நம் கடல்' என்ற சொல்லுக்கு முதல் எழுத்து அங்கே எழுதப்பட்டுள்ளது.

மீதி எழுத்தை யார் எழுதுவது? வங்கக்கடலின் நாடுகள் அனைத்தையும் கட்டும் உடன்படிக்கை ஒன்று வேண்டும். ஒரே மீன்தடை நாட்காட்டி வேண்டும். கேடுற்ற கப்பலை எந்தத் துறைமுகம் ஏற்பது என்ற ஒழுங்கு வேண்டும். ஆற்றில் விடும் கழிவின் கணக்கை ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளின்முன் வைக்கவேண்டும். அந்த வாரியத்தில் அமைச்சரும் அதிகாரியும் அமரட்டும், ஆய்வாளரும் அமரட்டும், ஆனால் உத்திரமேரூர் செய்த பிழையை நாம் மீண்டும் செய்யவேண்டாம். சேறு சுமந்தவனை வெளியே நிறுத்தியது அந்த ஓலை. வலை சுமப்பவனையும், மீன்கூடை சுமப்பவளையும் உள்ளே அமர்த்தவேண்டும் இந்த ஓலை.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் இதனைப் பேசுங்கள். உப்பனாற்றில் ஓடும் நீரின் நிறத்தைக் கண்டு கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்பதுதான் முதல் குடிமராமத்து. 1690 இல் குண்டு விழுந்த ஊர்களின் மக்களை எவனும் கேட்கவில்லை. இன்று நம்மைக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாமே சொல்லலாம். புயல் இரண்டு நாள் முன்னே சொல்லிவிட்டு வருகிறது. ஆழிப்பேரலை இரண்டு மணி நேரம் தந்து வந்தது. உப்பனாற்று நஞ்சும் இழுவலையும் நாற்பது ஆண்டாகச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு பிணக்குவியலைக் கண்ட பின்தான் கூடுவோமா? அல்லது இம்முறையேனும், அறிவு சொன்னபோதே கூடுவோமா?